பெரிய பேட்டரி ஃபுல்... ஆனா ஹைபிரிட் கார் அசையல! வில்லன் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரியா? வீட்டிலேயே டெஸ்ட் பண்றது எப்படி?

பிரேக்கை மிதிச்சு பட்டனை அழுத்துறீங்க. 'ரெடி' விளக்கு வரல. டேஷ்போர்டில் நாலஞ்சு எச்சரிக்கை விளக்குகள் மினுக்கிட்டு அணைஞ்சிடுது. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த நொடியில் வரும் முதல் பயம், 'ஹைபிரிட் பேட்டரி போச்சு, பெரிய செலவு வந்தாச்சு' என்பதுதான். ஆனால் பல நேரங்களில் காரணம் அதுவல்ல. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் 12 வோல்ட் துணை பேட்டரிதான்.

இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட், ஹோண்டா சிட்டி இ:ஹெச்.இ.வி. போன்ற கார்களில் இரண்டு பேட்டரிகள் உண்டு. சக்கரத்தைச் சுழற்ற உதவும் பெரிய பேட்டரி 150 வோல்ட்டுக்கும் மேல். இன்னொன்று, சாதாரண கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. (எர்டிகா, பிரெஸ்ஸாவில் வரும் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' வேறு ரகம். இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல.)

சின்ன பேட்டரிக்கு என்ன வேலை?

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வேலை இதற்குக் கிடையாது. அதைப் பெரிய பேட்டரியும் மோட்டாரும் பார்த்துக்கொள்ளும். ஆனால் காரின் கம்ப்யூட்டரை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயைப் போடுவதும் இந்த 12 வோல்ட்தான். வீட்டுக்குள் நெல் மூட்டை நிறைய இருந்தும் சாவி இல்லாமல் வாசலில் நிற்கும் கதை இது. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் பயன் இல்லை.

இதில்தான் சிக்கலே. சாதாரண காரில் பேட்டரி பலவீனமானால் செல்ஃப் இழுக்கும், 'கர்... கர்...' சத்தம் வரும், நாமும் உஷாராகிவிடுவோம். ஹைபிரிட்டில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. நேற்று வரை நல்லா ஓடின கார், இன்று காலை கதவே திறக்காது. கடைக்குப் போனால் 'ஒரு செல்ஃப் அடிங்க, பார்க்கலாம்' என்பார்கள். அந்தச் சோதனையும் இங்கே செல்லாது.

வேலூர், ஆம்பூர் பக்கம் ஏன் கூடுதல் கவனம்?

முதல் காரணம் வெயில். கோடையில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். லெட் ஆசிட் பேட்டரி குளிரை விட வெப்பத்தில்தான் வேகமாகக் கெடும். சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. தொழிற்சாலை வளாகத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கார் சும்மா நிற்பது. ஷூ, தோல் ஏற்றுமதி விஷயமாக வெளிநாடு போகிறவர்களின் கார் ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ வாரக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும். கீலெஸ் ரிசீவர், அலாரம், மொபைல் ஆப் இணைப்பு, டேஷ் கேமரா எல்லாம் அந்தச் சின்ன பேட்டரியைத்தான் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும்.

மல்டிமீட்டர் போதும்

எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். பேட்டரி சில மாடல்களில் பானெட்டுக்குள், சிலவற்றில் டிக்கியில் இருக்கும். காரோடு வந்த புத்தகத்தில் இடம் இருக்கும். இரவு முழுக்க நின்ற கார்தான் சரியான அளவைக் காட்டும். கதவைத் திறந்ததுமே கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் என்பதால், திறந்த பிறகு பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் நல்லது. 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஏ.ஜி.எம். வகை என்றால் முழு சார்ஜில் 12.8 கூட வரும்.

அடுத்து லோடு டெஸ்ட். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் 'ரெடி' ஆகாமல் மின்சாரம் மட்டும் வரும். ஹெட்லைட், ஏ.சி. ஃபேனை மூன்று நிமிடம் ஓட விடுங்கள். அளவு 11.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பிறகு 'ரெடி'யில் போட்டு அளந்தால் 13.5 முதல் 14.5 வரை வரணும். வரவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லாமல், அதைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரில் இருக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை.

அளவு குறைவாகக் காட்டியதற்காக உடனே புதுசு வாங்க ஓடாதீங்க. முழுசா சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி விட்டு மறுபடி அளங்க. திரும்பவும் இறங்கியிருந்தால் மாற்றலாம்.

மாற்றும்போது...

ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. அது உயிரைப் பறிக்கும் மின்சாரம். 12 வோல்ட் பக்கம் மட்டுமே நம் வேலை.

காரை ஆஃப் செய்து, சாவியைத் தள்ளி வைத்து, பத்து நிமிடம் காத்திருங்கள். மோதிரம், வாட்ச், கைச்செயினைக் கழற்றிவிடுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். பேட்டரி டிக்கியில் இருந்தால் ஒன்றை மறக்கவே கூடாது: வயரைக் கழற்றியபின் டிக்கியை மூடிவிடாதீர்கள். பல கார்களில் அந்தப் பூட்டே மின்சாரத்தில்தான் திறக்கும்! காருக்குள் இருக்கும் பேட்டரியில் வாயு வெளியேற ஒரு சின்ன டியூப் இருக்கும். அதைத் திரும்ப மாட்டணும். 'சைஸ் ஒண்ணுதான் சார்' என்று கடைக்காரர் சொன்னாலும், ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் சாதாரண பேட்டரி வேண்டாம். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து வாங்குங்கள். மாற்றியபின் கடிகாரம், ஜன்னல் ஆட்டோ செட்டிங் அழிந்திருக்கலாம்; பதற வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது தெரிந்தவரிடம் சாவி கொடுத்து, வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் 'ரெடி'யில், பார்க் கியரில் வைக்கச் சொல்லலாம். ஷெட் கதவு திறந்திருக்கணும், எஞ்சின் தானாக ஓடும். அடுத்தவர் காருக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்க உங்கள் ஹைபிரிட்டைத் தராதீங்க.

வாரண்டி விஷயத்திலும் குழப்பம் உண்டு. டொயோட்டா தரும் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி பெரிய பேட்டரிக்கு. சின்னதுக்கு அது பொருந்தாது.

பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் பில்லில் விலை குறையும். 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது. உள்ளே இருப்பது ஈயமும் ஆசிட்டும். தோல் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-லேயே தீர்ப்பு வாங்கிய பகுதி இது.