பினாங்குக் கடலுக்குப் போகும் தோட்டத்து மக்களுக்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டங்களில் பஸ்ஸுக்குப் பணம் பிரிப்பது வழக்கம். ஆலயக் குழுவோ இளைஞர் மன்றமோ முன்னின்று, தலைக்கு இத்தனை வெள்ளி என்று கணக்குப் போட்டு, நாற்பது நாற்பத்தைந்து பேரைச் சேர்த்துவிடும். எங்கே போகலாம் என்று கேட்டால் பாதிப்பேர் பினாங்கு என்றுதான் சொல்வார்கள். கோவிலும் இருக்கு, மலையும் இருக்கு, கடலும் இருக்கு, ஒரே செலவில் மூணையும் பாத்துடலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் காலையில் போன நாற்பத்தைந்து பேரும் இரவில் திரும்பி வரவேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் சேரவேண்டும். கடலில் குளிக்கப்போன பிள்ளை பிணமாகக் கரை ஒதுங்கிய செய்தியை இந்த நாட்டுத் தமிழ் ஏடுகள் எத்தனையோ விடுமுறைகளில் வெளியிட்டிருக்கின்றன. அதனால்தான் பஸ் கிளம்புவதற்கு முன்பே சில விவரங்களைச் சொல்லிவிட விரும்புகிறோம்.

முதலில் போகும் வழி. தீவுக்கு இரண்டு பாலங்கள் உண்டு. பிறையிலிருந்து போகும் பழைய பாலம் 1985-ல் திறக்கப்பட்டது. பத்து காவானிலிருந்து போகும் புதிய பாலம் 2014-ல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 24 கிலோமீட்டர். பத்து பெரிங்கி கடற்கரை தீவின் வடக்கே இருப்பதால் பழைய பாலமே பக்கம். தீவுக்குள் போகும்போது மட்டுந்தான் பாலக் கட்டணம், திரும்பும்போது கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் கட்டணமே இல்லை என்பதைச் சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்துத் தம்பிமார்கள் தெரிந்து வைத்திருப்பார்கள்.

பெரியில் போகவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும். பழைய பெரிகள் இப்போது இல்லை. 2021 தொடக்கத்திலிருந்து கார்களை ஏற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். 2023-ல் வந்த புதிய பெரிகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே போகலாம். பஸ்ஸில் வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கி, பெரியில் அக்கரை போய், பஸ்ஸைப் பாலத்தின் வழியாக வரச்சொல்லி ஏறிக்கொள்ளலாம். கையில் டச் அண்ட் கோ கார்டு இருந்தால் வாசலில் நின்று தடுமாற வேண்டியதில்லை. கோலாலம்பூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கும் இது தோதுதான். பட்டர்வொர்த் ரயில் நிலையத்திலிருந்து பெரித் துறைக்கு நடந்தே போய்விடலாம்.

பழைய பாலத்தில் போனால் தீவை நெருங்கும்போது இடது கைப்பக்கம் ஒரு சின்னத் தீவு தெரியும். அதுதான் ஜெரஜாக். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா போன்ற கப்பல்களில் வந்த நம் சனங்களில் எத்தனையோ பேரை, நோய்நொடி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முதலில் அங்கேதான் இறக்கி வைத்தார்கள். பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் சினிமாப் பாட்டு போடுகிறவர்கள் அந்த இடத்தில் ஐந்து நிமிடம் பாட்டை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் நல்லது.

கோவிலைப் பொறுத்தவரை, தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி சந்நிதிக்கு 513 படிகள் ஏறவேண்டும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கொடிமலை ரயில் 2011-ல் புதுப்பிக்கப்பட்ட பிறகு நடுவழியில் இறங்கி மாறும் சிரமம் போய்விட்டது. சில நிமிடங்களில் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் விடுமுறை நாளில் டிக்கெட்டுக்கு நிற்கும் வரிசை அப்படியல்ல. அடையாளக் கார்டு காட்டினால் உள்நாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால், பாட்டிமார்களின் கார்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நம்மைக் கேட்டால், ஒரே பகலில் மலையும் வேண்டாம் கடலும் வேண்டாம், ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்போம். மூன்று இடத்தையும் ஓடி ஓடிப் பார்த்தால் சாயங்காலம் எல்லாரும் களைத்துப் போய்க் கடலில் இறங்குவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நாசி கண்டார் சாப்பிட ஆசைப்பட்டால் மீனையும் இறாலையும் தட்டில் வைக்கச் சொல்லுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். "வச்சிட்டாங்க, இனி எப்படிக் கேக்குறது?" என்று கூச்சப்பட்டால் காசு கொடுக்கும்போது வயிறு எரியும். கடற்கரையில் குதிரைச் சவாரி, தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான்: எத்தனை நிமிடம், எத்தனை வெள்ளி என்று முதலிலேயே பேசி முடியுங்கள். அந்த ஸ்கூட்டர்கள் ஓடும் பக்கம் பிள்ளைகளைக் குளிக்கவிடாதீர்கள்.

இனிக் கடலுக்கு வருவோம்.

"ஆத்துல நீந்துறவனுக்குக் கடலு என்னா பெருசு?" என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். ஆற்றில் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும். அக்கரையும் தெரியும், இக்கரையும் தெரியும். ஈயக்குட்டையில் ஓட்டமே கிடையாது. கடல் அப்படியல்ல. அலை அலையாகக் கரைக்கு வரும் தண்ணீர் ஏதோ ஒரு வழியாகத் திரும்பிப் போயாகவேண்டும். அது மொத்தமாகச் சேர்ந்து ஒரு வாய்க்கால் போலக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை குறைவாக, தண்ணீர் சற்றுக் கலங்கலாக, பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். விவரம் தெரியாதவர்கள், இங்கேதான் அலை இல்லை, பிள்ளைகளுக்கு நல்லது என்று அதே இடத்தில் இறங்குகிறார்கள். கால் மண்ணை விட்டதும் இழுவை தொடங்கிவிடும்.

அப்படி மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது. நல்ல நீச்சல்காரனையும் அது களைக்க வைத்துவிடும். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டவேண்டும். அந்த ஓட்டம் அகலம் குறைந்தது. ஆகவே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு கரைக்கு வரலாம். முழுகுகிறவன் கத்துவான் என்று நினைக்காதீர்கள். மூச்சுக்கே வழியில்லாதவன் எப்படிக் கத்துவான்? சின்னப் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் முழுகிவிடும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை, கைப்பேசியைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பெரியவர்களை முறை போட்டு நிறுத்துங்கள். சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்க வேண்டாம்.

தம்பி முழுகுகிறான் என்று அண்ணன் குதிப்பான், அவனைத் தேடி மாமன் குதிப்பான். ஓர் உயிர் போகவேண்டிய இடத்தில் மூன்று உயிர் போவது இப்படித்தான். நீந்தத் தெரியாதவர் குதிக்கக்கூடாது. கயிறு, மூடி இறுக்கிய காலிப் போத்தல், ஐஸ் பெட்டி, மிதக்கும் பொருள் எது கிடைத்தாலும் அதை வீசுங்கள். கரையேற்றிய பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பழைய பழக்கம். அதனால் கெடுதல்தான். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதி, நெஞ்சை அழுத்தவேண்டும். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 999-ஐ அழைக்கவேண்டும். பயணம் போகும் குழுவில் இதைக் கற்றவர் ஒருவராவது இருந்தாகவேண்டும்.

லாரிச் சக்கரத்து டியூப்பை மிதக்கக் கொண்டுபோகிறார்கள். கரைக்காற்று அடித்தால் அது பிள்ளையோடு சேர்த்துக் கடலுக்குள் போய்விடும். பெண்கள் சேலையோடு இடுப்புத் தண்ணீருக்கு மேல் போகவேண்டாம்; நனைந்த சேலை காலைக் கட்டிப்போடும். ஆண்களுக்குச் சொல்லவேண்டியது வேறு. பஸ்ஸின் பின்சீட்டுக்கு அடியில் பீர்ப் பெட்டி ஏறுவது நமக்குத் தெரியாததல்ல. "ரெண்டு டின் போட்டாத்தான் குளிரு தெரியாது" என்கிறார்கள். குளிர் மட்டுமா, ஆழமும் தெரியாது. குடித்தவரைக் கடலில் இறங்கவிடக்கூடாது என்று குழுத் தலைவர் பணம் வாங்கும்போதே சொல்லிவிடவேண்டும். கோபித்துக்கொண்டு சிலர் வராமல் நின்றால் நிற்கட்டும்.

பினாங்குக் கடலில் ஜெல்லி மீன் உண்டு. மலாய்க்காரர்கள் அம்பாய்-அம்பாய் என்பார்கள். பெட்டி வடிவத்தில் இருக்கும் ஒரு வகை ஆளையே கொல்லக்கூடியது. பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். சமையலுக்கு வைத்திருக்கும் சுக்காவை அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு போத்தல் சுக்கா பெரிய செலவில்லை, பஸ்ஸில் கிடக்கட்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். சுமத்திரா அருகே நிலநடுக்கம் வந்து சில மணி நேரம் கழித்து, பகல் ஒரு மணிக்கு மேல் ஆழிப்பேரலை இந்தத் தீவைத் தாக்கியது. நாட்டில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். அவர்களில் பலர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் பொழுதுபோக்க வந்தவர்கள். கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கி மீன் துள்ளிக் கிடந்தால் பொறுக்க ஓடாதீர்கள். பையையும் பாயையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

இன்னும் ஒன்று. பஸ் ஏறும் இடத்தையும் நேரத்தையும் காலையிலேயே எல்லாருக்கும் சொல்லி, சின்னப் பிள்ளைகளின் கையில் பெற்றோர் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். திரும்பும்போது தலையை எண்ணுவது போதாது. வேறு தோட்டத்துப் பிள்ளை ஒன்று ஏறியிருந்தாலும் எண்ணிக்கை சரியாக வந்துவிடும். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே டிரைவரிடம் கிளம்பச் சொல்லுங்கள்.