கடியில் யார் பெரிய ஆள்: வெள்ளைச் சுறாவா, காளைச் சுறாவா?

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு சுறா என்றால் மெஸ்ஸில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வரும் சுறா புட்டு, இல்லையென்றால் சந்தையில் சுறா கருவாடு. புட்டுக்கு அநேகமாகப் பால் சுறாதான் போகும். அது சுமார் ஒரு மீட்டர் வளரும் சின்ன ஜாதி. ஆனால் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் வேறு பஞ்சாயத்து ஓடுகிறது: வெள்ளைச் சுறா, காளைச் சுறா, இரண்டில் எதன் கடிக்கு பலம் அதிகம்? கமென்டில் சண்டை போடும் இரண்டு தரப்பும் பாதி சரி.

உருவத்தில் போட்டியே கிடையாது. வளர்ந்த பெண் வெள்ளைச் சுறா நாலரை முதல் ஐந்து மீட்டர். பெரியவை ஆறு மீட்டர்வரை போகும், எடை ஒரு டன்னைத் தாண்டும். காளைச் சுறா சாதாரணமாக இரண்டரை மீட்டர்தான். மூக்கு மழுங்கி, தலை அகன்று, கட்டையாக இருக்கும். பெயரும் அதனால்தான்.

கடிக்கு வருவோம். உயிரோடு இருக்கும் ஆறு மீட்டர் சுறாவின் வாயில் யாரும் மீட்டர் வைத்து அளந்ததில்லை, எல்லாம் கணக்குதான். 2008-ல் ஸ்டீவ் ரோ தலைமையிலான ஆஸ்திரேலியக் குழு, 2.4 மீட்டர் வெள்ளைச் சுறாவை சிடி ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டர் மாடல் செய்தது. அதை வைத்து 6.4 மீட்டர் சுறாவுக்குப் போட்ட கணக்கில் வந்தது 18,216 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 1.8 டன் அழுத்தம். வைரலாகும் எண் இதுதான். அவ்வளவு பெரிய சுறாவைப் பார்ப்பதே அபூர்வம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

2012-ல் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மரியா ஹாபெகர் குழு காளைச் சுறாக்களின் தாடைத் தசைகளை அறுத்துப் பார்த்துக் கணக்கிட்டது. 285 சென்டிமீட்டர் சுறாவுக்குத் தாடையின் பின்பக்கம் 5,914 நியூட்டன், கிட்டத்தட்ட 600 கிலோ. முன்பக்கம் 2,128 மட்டுமே. நம் கடைவாய்ப் பல்லிலும் இதே விஷயம்தான். பாக்கை முன்பல்லால் உடைக்கிறோமா என்ன?

திருப்பம் இங்கேதான். உடல் அளவைக் கழித்துவிட்டு 13 இனங்களை ஒப்பிட்டபோது முதலிடம் காளைச் சுறாவுக்கு. வெள்ளைச் சுறா அதற்குப் பின்னால்தான். அகன்ற தலைக்குள் தாடைத் தசைக்கு இடம் தாராளம். கலங்கல் தண்ணீரில் வேட்டையாடும்போது கவ்வியதை நழுவவிட்டால் மறுபடி கண்ணில் படாது, அதனால் இந்தப் பிடி உதவலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆக, மொத்த பலத்தில் வெள்ளைச் சுறா, எடைக்கு எடை பார்த்தால் காளைச் சுறா.

கலங்கல் தண்ணீர் என்றால் ஆறும்தான். உடம்பின் உப்பைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்த காளைச் சுறா நன்னீரிலும் வாழும். அமேசானில் கடலிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. கல்வராயன் மலைத் தண்ணீரும் கோமுகி, மணிமுக்தா வழியாக வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. பயப்படாதீங்க, நம் ஆறு வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிறது. கோமுகி அணையில் தாராளமாகக் கால் நனைக்கலாம்.

கங்கையில் கதை வேறு. அங்கே மனிதர்களைக் கடித்த பழி நெடுங்காலமாக கங்கைச் சுறா மேல் விழுந்தது. அதன் கீழ்த்தாடைப் பற்கள் மெலிந்தவை, மீனைக் கவ்விப் பிடிக்க வசதியானவை. கடித்தவற்றில் பல காளைச் சுறாவாக இருந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் கருத்து. பார்ப்பதற்கு இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கும். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படும் இந்தச் சுறா, இப்போது அழிவின் விளிம்பில். 2016-ல் மும்பை சாசூன் டாக்கில் 266 சென்டிமீட்டர் பெண் சுறா ஒன்றை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். வலையில் சிக்கிக் கரைக்கு வந்திருந்தது.