இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் யாருக்கு வருகிறது?

தோட்டத்தில் வயதானவர் யாரைக் கேட்டாலும் "இடுப்புல வலிங்க" என்ற பதில் வரும். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிப் பால்மரம் வெட்டிய உடம்பு. செம்பனைக் குலை தூக்கிய உடம்பு. உதிரிப்பழம் பொறுக்கக் குனிந்தே தேய்ந்த உடம்பு. வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்துக்கொண்டு, "வயசாயிடுச்சு, இனி அப்படித்தான்" என்று பெருமூச்சு விடுவது நமக்குப் பழகிப் போய்விட்டது.

ஆனால் சிலருக்கு அந்த வலி தைலத்துக்கு அடங்குவதில்லை. நடை நொண்டுகிறது. குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர், "மூட்டு கெட்டுப்போச்சு, மாத்தணும்" என்கிறார். வீட்டில் எல்லாரும் கதிகலங்கிப் போகிறார்கள். இந்த நிலைமை யாருக்கு வருகிறது? வராமல் தடுக்க வழி உண்டா? வந்துவிட்டால் என்ன செய்வது? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எது இடுப்பு மூட்டு?

நாம் இடுப்பு வலி என்று சொல்வதில் பெரும்பகுதி முதுகெலும்பின் அடிப்பாகத்தில் வரும் வலி. அது வேறு சங்கதி. தொடை எலும்பின் உச்சியில் பந்து போல ஒரு தலை இருக்கிறது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கிறது. அந்த இடமே இடுப்பு மூட்டு. அங்கே கோளாறு வந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். சிலருக்கு முழங்காலில்கூடத் தெரியும். முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே நாளைக் கடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூட்டு அடியோடு கெட்டுவிட்டால், பழுதான பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்துவார்கள். 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜான் சார்ன்லி இதற்கு நல்ல வழி கண்டார். எஃகுப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிடிக்க வைக்க ஒரு வகைச் சிமெண்டு என்று அவர் வகுத்த முறைதான் இன்றைக்கும் அடிப்படை. இந்த ஆபரேஷனுக்கு வருகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

விழுந்து எலும்பு முறிந்தவர்கள்

முதல் வகையினர் முதியவர்கள், அதிலும் பெண்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்தாலே தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிடும். 1997ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மலேசியாவில் 50 வயதைத் தாண்டியவர்களில் ஒரு லட்சம் பேருக்கு 90 பேர் வீதம் இப்படி முறிவு கண்டிருக்கிறது. சீனரிடையே இது அதிகம் என்றாலும், நம்மவர்கள் தப்பிவிடவில்லை.

விழுந்தவர் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் காலை இழுப்பதோ நீவி விடுவதோ கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கழுத்து முறியும்போது பந்துக்குப் போகும் இரத்தக் குழாய்களும் அறுந்துபோவதால் அந்த எலும்பு ஒட்டுவது கடினம். ஆகவேதான் பந்தை மாற்றுகிறார்கள்.

"பாட்டிக்கு எம்பது வயசு, ஆபரேஷன் எல்லாம் தாங்காது, வீட்டுலயே வச்சுப் பார்த்துக்குவோம்" என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எழ முடியாமல் படுத்தே கிடப்பவருக்குப் படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். முறிவைவிட இவைதாம் உயிரைக் குடிக்கின்றன. முடிந்தவரை இரண்டு நாளைக்குள் ஆபரேஷன் செய்து, மறுநாளே எழுப்பி உட்கார வைக்கத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். பர்மாவில் டாக்டர் சான் பாவ் 1960இல், இடுப்பு முறிந்த 83 வயதுப் பௌத்தப் பெண் துறவிக்கு யானைத் தந்தத்தில் கடைந்த எலும்பைப் பொருத்தினார். அந்தக் காலத்திலேயே, அந்த வயதிலேயே அது முடிந்திருக்கிறது. வயதை மட்டும் காரணம் காட்டி மறுத்துவிடாதீர்கள்.

சம்சுவுக்கு எலும்பைக் கொடுத்தவர்கள்

இரண்டாம் வகையினரைப் பார்த்தால் வயிறு எரியும். முப்பது, நாற்பது வயது ஆண்கள். விழவில்லை, அடிபடவில்லை. ஆனாலும் பந்து எலும்பு உள்ளேயே செத்துப் போயிருக்கும். அளவுக்கு மீறிப் பல ஆண்டுகள் குடித்தால் இரத்தத்தில் கொழுப்பின் போக்கு மாறி, பந்து எலும்புக்குப் போகும் நுண்ணிய இரத்த ஓட்டம் தடைப்படும். இரத்தம் போகாத எலும்பு இற்றுப்போய் உட்கார்ந்துவிடும். பல பேருக்கு இரண்டு பக்கமும் இப்படி ஆகிறது.

குடியினால் கெடுவது ஈரல் என்று எல்லாருக்கும் தெரியும். இடுப்பும் கெடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உடம்பு வலிக்குக் குடிக்கிறேன் என்று சொல்லிச் சம்சு வாங்குகிறவர், அந்த வலியை விலை கொடுத்து வாங்குகிறார். சம்பாதிக்கிற வயதில் அவர் உட்கார்ந்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? ஆரம்பத்திலேயே தெரிந்தால் எலும்பில் துளையிட்டு உள் அழுத்தத்தைக் குறைத்துச் சிலருக்குக் காப்பாற்ற முடியும். முதலில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆகவே குடிக்கும் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பேர் தெரியாத மருந்து சாப்பிட்டவர்கள்

மூன்றாம் வகையினர், வலி தீர வேண்டும் என்று கிடைத்த மருந்தையெல்லாம் விழுங்கியவர்கள். சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்கிற சில ஜாமுக்கள், உருண்டைகள், பொடிகளில் ஸ்டீராய்டு என்ற கடும் மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட சரக்குகளைப் பல முறை பிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகை எல்லாமே கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. கள்ளத்தனமாகக் கலப்பதுதான் கெடுதல்.

இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. தீராத வலி இரண்டொரு நாளில் மாயமாய் மறையும். பசி அதிகரிக்கும். முகம் உப்பி வட்டமாகும். மருந்தை விட்டால் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் பந்து எலும்பு செத்துப்போகலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். ஆனால் ஒன்று: வேறு நோய்க்காக டாக்டரே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். ஜாமு சாப்பிட்டு வந்தவர்களும் அந்தப் பொட்டலத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

தேய்ந்து போனவர்கள்

நான்காம் வகை, உழைப்பாலும் வயதாலும் உடல் பருமனாலும் மூட்டு தேய்ந்தவர்கள், வாத நோய் கண்டவர்கள், பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாதவர்கள். மேல்நாடுகளில் இந்தத் தேய்மானக்காரர்கள்தாம் அதிகம். இங்கிலாந்தில் விவசாயிகளிடையே நடந்து 1992இல் வெளியான ஆய்வு ஒன்று, பத்து ஆண்டுகளுக்கு மேல் நிலத்தில் பாடுபட்டவர்களுக்கு இடுப்புத் தேய்மானம் பல மடங்கு கூடுதல் என்று காட்டியது. பாரம் தூக்கிப் பிழைப்பவர்களுக்கு இது சொல்லும் சேதி தெளிவானது. எடையைக் குறைப்பதும், வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க் கையில் கம்பு ஊன்றுவதும், டாக்டர் சொல்லும் பயிற்சியைச் செய்வதும் ஆபரேஷனைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட உதவும்.

செலவுக்கு என்ன வழி?

அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் செயற்கை மூட்டைப் பெரும்பாலும் நாமே வாங்க வேண்டியிருக்கும். அது பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். அதைக் கேட்டவுடன் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கிறது. சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு இவற்றோடு போய்க் கேளுங்கள். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், தகுதியுள்ள 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவக் கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை உதவி வகுக்கப்பட்டது. உங்களுக்குக் கிடைக்குமா என்று அங்கேயே விசாரியுங்கள்.

வேலையில் விழுந்து முறிந்திருந்தால் அது சொக்சோ விவகாரம். விபத்து நடந்ததை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைக்கே கிராணியிடம் சொல்லிப் பதிந்துவிடுங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டால் பிறகு நிரூபிப்பது கடினம். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த விபத்துக் காப்பு உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு

மூட்டு மாற்றியவர் முதல் சில வாரங்கள் குந்தி உட்காரக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. தரையிலும் தாழ்ந்த முக்காலியிலும் உட்காரக் கூடாது. பந்து நழுவிவிடும். லயத்து வீடுகளில் குந்தும் கழிப்பறைதான் இருக்கிறது என்றால், நடுவில் துவாரமுள்ள உயர நாற்காலியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் சீழ் பிடிக்கும். சிகரெட்டையும் விட்டுவிட வேண்டும்.

"மாத்தினா எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்பீர்கள். பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட கணக்கு, நூற்றில் 58 மூட்டுகள் 25 ஆண்டு நீடிப்பதாகச் சொல்கிறது. அறுபது வயதில் மாற்றிக்கொண்டவருக்கு அது போதும் அல்லவா?

தோட்டத்து மக்களே, நாலு வகை நோயாளிகளையும் பார்த்துவிட்டோம். வயதை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் குளியலறைப் பாசியை இன்றே தேய்த்துக் கழுவலாம்; சுவரில் ஒரு கைப்பிடி அடிக்கலாம்; சம்சுப் போத்தலை விடலாம்; பேர் தெரியாத பொட்டலத்தைக் குப்பையில் போடலாம். இவ்வளவும் செய்த பிறகும் தொடை இடுக்கில் வலி வந்து சில வாரங்கள் நீடித்தால், தைலப் புட்டியை ஓரமாக வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். உழைத்துத் தேய்ந்த இடுப்புக்கு அந்த மரியாதையாவது நாம் செய்ய வேண்டும்.