தாராண்மை ஜனநாயகமே இறுதி ஆட்சிமுறையா?

1989ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் அமெரிக்க அறிஞரான பிரான்சிஸ் புக்குயாமா 'வரலாற்றின் முடிவா?' என்ற தலைப்பில் கட்டுரையொன்றை எழுதியிருந்தார். பாசிசம் இரண்டாம் உலகப் போருடன் வீழ்ந்துவிட்டது, கம்யூனிசமும் தளர்ந்துவிட்டது, ஆகவே தாராண்மை ஜனநாயகத்தை விஞ்சிய ஆட்சிமுறையொன்று மனிதகுலத்திற்கு இனி எஞ்சியிருக்கவில்லை என்பதே அவரது வாதம். அவ்வாண்டு நவம்பரில் பெர்லின் சுவர் வீழ்ந்தபோது பலருக்கும் அது தீர்க்கதரிசனமாகவே தோன்றியது. 1992இல் கட்டுரை நூலாக விரிந்தபோது தலைப்பிலிருந்த கேள்விக்குறி காணாமற்போயிருந்தது.

போர்களும் புரட்சிகளும் ஓய்ந்துவிடும் என்று அவர் கூறவில்லை. அவரைப் பரிகசிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். சீனாவின் எழுச்சியே அவருக்கான மறுப்பு என்போரும் உளர். எனினும், அதனைவிடச் சிக்கலான மறுப்பு ஐரோப்பாவின் நடுவிலிருந்தே வந்தது என்பது எமது கருத்தாகும்.

1989 ஜூன் 16ஆம் திகதி, 1956ஆம் ஆண்டு எழுச்சியின் பின்னர் தூக்கிலிடப்பட்ட ஹங்கேரியப் பிரதமர் இம்ரே நாகியின் உடல் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. புடாபெஸ்ட் வீரர் சதுக்கத்தில் நடைபெற்ற அந்நிகழ்வில், சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என முழங்கினார் 26 வயது இளைஞர் ஒருவர். அவர்தான் விக்டர் ஓர்பான்.

2010ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர்பானின் அணி சுமார் 53 சதவீத வாக்குகளைப் பெற்றது. ஆசனங்களோ 386இல் 263. மூன்றிலிரண்டு பெரும்பான்மை கிட்டியதும் புதிய அரசியலமைப்பு பிறந்தது. நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டது. மூத்த நீதிபதிகள் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இது சட்டவிரோதமென ஐரோப்பிய நீதிமன்றம் 2012 நவம்பரில் தீர்ப்பளித்தபோது வெற்றிடங்கள் பல நிரப்பப்பட்டுவிட்டன. தேர்தல் முறையும் மாற்றப்பட்டது. 2014இல் 45 சதவீத வாக்குகளே கிடைத்தபோதிலும் மூன்றிலிரண்டு ஆசனங்கள் கைநழுவவில்லை. அவ்வாண்டிலேயே, தாம் கட்டியெழுப்புவது தாராண்மையற்ற அரசு என ஓர்பான் வெளிப்படையாக அறிவித்தார்.

இவையனைத்தும் இராணுவத்தின் துணையின்றி, வாக்குப் பெட்டியின் வழியாகவே நடந்தேறின. தாராண்மை ஜனநாயகம் என்பது உண்மையில் இரு கயிறுகள் சேர்ந்த முறுக்கு. ஒன்று பெரும்பான்மையின் ஆட்சி; மற்றையது அந்தப் பெரும்பான்மை தாண்டக்கூடாத எல்லை. இரண்டாவது கயிற்றை அறுப்பதற்கு முதலாவதே போதுமாகிவிடுகின்றது. எதிர்க்கொள்கை எதுவென்றே புக்குயாமா தேடினார். ஓர்பானுக்கோ எதிர்க்கொள்கையே தேவைப்படவில்லை. தேர்தல்கள் உரிய காலத்தில் நடந்துகொண்டுதானிருந்தன.

சிறுபான்மையினராகிய எமக்கு இதனை விளக்க ஹங்கேரி வரை செல்ல வேண்டியதில்லைதான். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றியது தெரிவுசெய்யப்பட்ட பாராளுமன்றமே. 1977இல் ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றிய ஐக்கிய தேசியக் கட்சி, மறு ஆண்டே புதிய அரசியலமைப்பை இயற்றியது. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக சர்வஜன வாக்கெடுப்பை நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டுகள் நீடித்துக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டு ஆறாவது திருத்தத்துடன் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். வடக்கு, கிழக்கின் குரல் சபையில் ஓய்ந்த வேளையில் போர் மூண்டது. அடுத்த பொதுத் தேர்தலை நாடு கண்டது 1989 பெப்ரவரியில், புக்குயாமாவின் கட்டுரை வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்.