தோ பாயோ மூத்தோரும் காலடிக் கணக்கும்

சிங்கப்பூரில் மூத்தோரை நடக்கவைக்கும் மின்னிலக்கக் கருவிகளில் பலருக்கும் பழக்கமானது ‘ஹெல்தி 365’ செயலி. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தேசியக் காலடிச் சவாலைத் தொடங்கியது. அதில் பதிந்தவர்களுக்குக் காலடி எண்ணும் கைப்பட்டையை இலவசமாகவே கொடுத்தது. காலடிகள் செயலியில் புள்ளிகளாகச் சேரும். புள்ளிகளைப் பற்றுச்சீட்டாக மாற்றிக்கொள்ளலாம். 2023 ஜூலையில் வந்த ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்து குடும்ப மருத்துவரை முதன்முறை பார்ப்பவருக்கு 3,000 புள்ளிகள், அதாவது 20 வெள்ளி. பேரங்காடியில் அரிசி பருப்புக்கு ஆகும் என்றால் நடக்கக் கசக்குமா?

இதற்கெல்லாம் தோ பாயோ வசதியான ஊர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960களில் கட்டத் தொடங்கிய நகர் இது. அன்று இளம் தம்பதிகளாகக் குடிவந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டிருப்பார்கள். சந்தை, உணவங்காடி, நூலகம், எம்ஆர்டி நிலையம் எல்லாம் நடக்கிற தூரத்தில். லோரோங் 8இல் உள்ள வைராவிமட காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தால் அன்றைய கணக்கில் பாதி தேறிவிடும்.

ஆனால் எத்தனை காலடி? பத்தாயிரம் என்ற எண் மருத்துவரிடமிருந்து வந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடிமானியின் பெயரிலிருந்து வந்தது. சராசரி வயது 72 கொண்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 காலடி வைத்தவர்களைவிட 4,400 வைத்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. முழங்கால் வலியோடு பத்தாயிரத்தைத் துரத்துவது வீண் வீம்பு.

நடை மட்டும் போதாது. உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது மூத்தோர் செய்யவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். லியன் அறநிறுவனம் முன்னெடுத்த ‘ஜிம் டோனிக்’ உடற்பயிற்சித் திட்டம் இந்தக் குறையை நிரப்ப ஏற்றது. ஃபின்லாந்து இயந்திரங்கள், இரும்பு எடைக்குப் பதில் காற்றழுத்தம். அமர்பவர் யார் என்று இயந்திரமே அடையாளம் கண்டு, அவருக்குரிய எடையைத் தானே அமைத்துக்கொள்ளும். எழுபது வயதுக்காரர் திரையில் எதையும் தேடித் தட்டவேண்டியதில்லை.

இந்த எளிமையில் அதையும் மிஞ்சுவது சாலையோரத்தில் இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் அறிமுகப்படுத்திய ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதியில், விளக்குக் கம்பத்துப் பெட்டியில் மூத்தோர் சலுகை அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்பப் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி கூடுதலாக எரியும். செயலியும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். சாலையைக் கடக்கப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுபவரை வெளியே வரவைப்பதில் புள்ளிகளைவிட இதற்கே வலு அதிகம் எனலாம்.

திறன்பேசியோடு மல்லுக்கட்டுவோருக்கு, 2020இல் தொடங்கிய ‘சீனியர்ஸ் கோ டிஜிட்டல்’ திட்டத்தின் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். ஒருமுறை கற்றது செயலியின் தோற்றம் மாறியதும் மறந்துபோகும். திரும்பவும் போய்க் கேட்கலாம், கட்டணமில்லை.