போர்வை தைக்கும் கைகளைக் காப்பாற்றுங்கள்

மேகமலை அடிவாரத்து ராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் ஒரே பெண்ணின் கைக்கு இரண்டு வேலை. காலையில் கத்தரியோடு பன்னீர் திராட்சைக் குலை அறுப்பு. மதியத்துக்கு மேல் வீட்டில் தையல் மெஷின். ஜாக்கெட், நைட்டி தைக்கும்வரை கை தாங்கிக்கொள்கிறது. பழைய சேலைகளை அடுக்கி, இரட்டைக் கட்டில் அளவுக்குப் போர்வை தைக்க உட்காரும்போதுதான் வினை. விரல் மரத்து, பெருவிரல் அடியில் சுரீரென்று வலித்து, ராத்திரி தூக்கம் கெட்டு, கடைசியில் டம்ளர் கைநழுவும் நிலையில்தான் பலர் டாக்டரிடம் வருகிறார்கள். அதற்குள் பெருவிரல் மேட்டுச் சதை வற்றத் தொடங்கியிருந்தால், போன பலம் முழுசாகத் திரும்புவது கஷ்டம்.

பாரம் எங்கே விழுகிறது?

ஒரு நூல் சேலை சுமார் அரைக் கிலோ. ஆறு சேர்ந்தால் 3 கிலோ. கால் மெஷினின் பலகையோ சின்னது. போர்வையில் முக்கால்வாசி இடப்பக்கமும் பின்பக்கமும் தொங்கும். தொங்குகிற பாரம் துணியை ஊசியிலிருந்து விலக்கி இழுக்க, தைப்பவர் அழுத்திப் பிடித்து எதிர்த்து இழுக்கிறார். மெஷின் பல் நகர்த்த வேண்டிய துணியை மணிக்கட்டு நகர்த்துகிறது. ஊசியும் வளைந்து தகட்டில் மோதி ஒடியும்.

அது வாயுவும் இல்லை, நரம்புத் தளர்ச்சியும் இல்லை

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதோ என்று பார்க்க வேண்டும். கார்ப்பல் டன்னல் என்பது இதைத்தான். பெருவிரல் அடியில் மட்டும் வலி என்றால் தசைநார் உறை வீக்கமாக இருக்கலாம். 1895-லேயே சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வெய்ன் விவரித்துவிட்ட நோய் அது. இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது.

ஆனால் முதலில் நடப்பது உப்பு ஒத்தடம். சூடு உணராத, அதிலும் சர்க்கரை நோய் உள்ள கையில் ஒத்தடம் வைத்தால் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், துணியை இறுகச் சுற்றிக்கொண்டு தைப்பதும் ஏற்கெனவே நசுங்கும் நரம்பை இன்னும் நசுக்கும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைக்கு அளவே இல்லை. காலையில் ஒன்று, போர்வை முடியும்வரை இன்னொன்று! வலி அடங்கிய தெம்பில் கை கூடுதலாக உழைக்கிறது. வயிறும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கின்றன. பேர் தெரியாத கலவை மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரையும் எகிறும். சத்து மாத்திரையை விழுங்கி மாதக்கணக்கில் காத்திருப்பதும் வீண். அழுத்தம் அப்படியேதான் இருக்கும்.

என்ன பரிசோதனை?

கையைத் தொட்டுப் பார்த்தல், சர்க்கரை, தைராய்டு. வேண்டியிருந்தால் நரம்புப் பரிசோதனை.

தொட்டில் கொக்கி இருக்கிறதே!

மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் பெஞ்சோ மேசையோ போடுங்கள். உயரம் குறைந்தால் பலகை வைத்து ஏற்றுங்கள். இடம் இல்லையா? சேலைத் தொட்டில் கட்டும் உத்தரக் கொக்கியில் கயிறு மாட்டி, நுனியில் அகல எலாஸ்டிக் சேர்த்து, போர்வையின் தொங்கும் பகுதியைக் கிளிப்பால் பிடித்து உயர்த்துங்கள். ஊசிக்கு முன்னால் துணி கொஞ்சம் தளர்வாகக் கிடக்க வேண்டும். மிச்சத்தை இரு பக்கமும் பாய்போல் சுருட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்தால் இழுபறி குறையும். தோளில் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள், கழுத்து வலி கூடவே வந்துவிடும்.

அரை மணிக்கு ஒருமுறை தயவுசெய்து எழுந்திருங்கள். குலை அறுத்த நாளில் போர்வையைத் தொடாதீர்கள். மரத்துப்போவது இரண்டு வாரம் நீடித்தால் உத்தமபாளையம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள், அம்மா. ஆரம்பத்தில் பெரும்பாலும் ராத்திரியில் மணிக்கட்டை மடங்காமல் தாங்கும் பட்டையும் ஓய்வுமே போதுமானதாக இருக்கும்.