முற்றத்தில் ஓர் அவரைக்கொடி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய நம் ஊர்களில் வீட்டின் பின்புறம் நான்கு சாண் மண் கிடைத்தால் போதும். அதில் ஓர் அவரைக்கொடியை ஏற்றிவிட வேண்டும் என்னும் ஆசை இல்லத்தரசியருக்கு உண்டு. உருது பேசும் இல்லங்களில் ‘ஸேம்’ என்றழைக்கப்படும் இக்கொடி கண்ணுக்குப் பூவையும் ஆணத்திற்குக் காயையும் தரவல்லது. ஆயினும் பல வீடுகளில் அது ஆள் உயரம் ஏறுமுன்பே இலையோரம் கருகிச் சோர்ந்துவிடுகிறது. “என் கை ராசியில்லை” என்று மனம் நொந்துகொள்ளும் சகோதரியே, முதலில் உங்கள் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள்.

தென்னையும் பேரீச்சையும் தாங்கிக்கொள்ளும் உப்பை அவரை, பீன்ஸ், பட்டாணி போன்ற பயறினச் செடிகள் தாங்குவதில்லை. மண்ணின் மேல் வெள்ளை படிவதும், இலை ஓரத்திலிருந்து காய்ந்து வருவதும் உப்பின் அடையாளங்களாகும்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வைக்கின்றனர். பதனிடுமுன் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பில் பெரும்பகுதி நீரில் கரைந்துவிடுகிறது. குரோமியத்தைப் பிரித்தெடுத்த பின்னரும், கரைந்த உப்பை நீக்குவது எளிதன்று. பல்லாண்டுகளாக அந்நீர் பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனது என்னும் மதிப்பீடு அத்தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை அன்று வலியுறுத்திய நீதிமன்றம், 30.1.2025 அன்றும் அதனை மீண்டும் எடுத்துரைத்தது. நம்மில் பலருக்குச் சோறிடுவது இத்தொழில்தான். ஆகவே இக்கணக்கை நாம் பிறர் கணக்காக எண்ணி ஒதுங்க இயலாது.

சரி, முற்றத்துக் கொடிக்கு என்ன வழி? மழைநீரே அதற்கு ஏற்ற நீர். 100 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 90 லிட்டர் நீர் கிடைக்கும். முதல் மழையை வழியவிட்டு, அடுத்ததைத் தொட்டியில் பிடித்து மூடிவையுங்கள். 2003 ஆம் ஆண்டு தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பொருத்திய குழாய்கள் அடைத்துக் கிடந்தால் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள். நல்ல தண்ணீரில் ஒளுச் செய்வோர் ஒரு பாத்திரத்தை அடியில் வைத்தால், சோப்புக் கலவாத அந்நீரும் கொடிக்கு உதவும். அரிசி களைந்த நீரையும் விடலாம். துணி துவைத்த நீரில் உப்புச் சத்து உண்டு, அது வேண்டாம்.

பந்தல் அவரையை ஆடி மாதத்தில் ஊன்ற வேண்டும். பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் அது பூக்கும்; தையில் ஊன்றினால் இலைதான் மிஞ்சும். ஓரடி ஆழ, அகலக் குழியில் மக்கிய எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, ஓர் அங்குல ஆழத்தில் மூன்று விதைகள் ஊன்றுங்கள். வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருவதால் யூரியா அவசியமில்லை. அசுவுணி தோன்றினால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள்.

மணத்திற்காக மேனாட்டார் வளர்க்கும் ‘ஸ்வீட் பீ’ மலர்க்கொடியும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. ஆனால் அது குளிரை விரும்புவது. அதன் விதை நச்சுத்தன்மை உடையது. குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. நம் வெயிலுக்கு அவரையே பொருத்தம்.

ஒருவர் விதைத்ததிலிருந்து மனிதரோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. முதற் பறிப்பில் ஒரு கைப்பிடியை அண்டை வீட்டாருக்கு அனுப்புங்கள். முற்றிய நெற்றுகள் சிலவற்றைக் கொடியிலேயே காயவிட்டு விதைக்கு எடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆடியில் அவ்விதையைக் கேட்டு அவர்களே உங்கள் வீட்டுக்கு வருவார்கள். விதையோடு மழைநீர்த் தொட்டியைப் பற்றியும் சொல்லியனுப்புங்கள்.